காது மடித்த பொட்டலம்

“மாமா! கொளுத்தாதீங்க! குச்சியைக் கீழ போடுங்க!”

மாப்பிள்ளை போட்ட கூச்சலில் மாமனார் கையிலிருந்த தீப்பெட்டி எகிறிப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. குச்சிகள் தண்ணீரில் சிதறி மிதந்தன.

அவன் ஒரே பாய்ச்சலில் சமையலறைக்குள் போனான். அடுப்பின் குமிழைத் திருகி மூடினான். சிலிண்டரை அடைத்தான். ஜன்னலையும் பின்கதவையும் அடித்துத் திறந்தான். எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலில் காத்துக் கிடந்ததுபோல மலைக்குளிர் சடாரென்று உள்ளே வந்தது.

படுக்கையில் கண் விழித்தபோதே அவன் மூக்கில் ஏறிய வாடை அது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் கூடத்தைத் தாண்டி ஓடிவந்தான். வந்து பார்த்தால், வாடையின் நட்டநடுவில் நின்றுகொண்டு மாமனார் நிதானமாகத் தீக்குச்சி எடுக்கிறார்.

“என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால இப்படி அலறுறீங்க? பாம்பு கீம்பு வந்துடுச்சா?”

“கேஸ் மாமா. வீடு முழுக்கக் கேஸ். உங்களுக்கு வாடையே வரலையா?”

மாமனார் மூக்கை உறிஞ்சினார். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு சிரித்தார்.

“அட, ஆமா! லேசா வருது. குமிழைத் திருகிட்டுத் தீப்பெட்டி தேடப் போனேன். வயசாகுதுல்ல, மறதி.”

அந்தச் சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்தது. மற்றவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை கவனித்தான். அவன் பிழைப்பே அந்த அரை நொடிதான்.

கீழே நகரத்தில் காது மெஷின் பொருத்தும் கடை அவனுடையது. காது கேட்காதவர்களை விட, காது கேட்பதுபோல நடிப்பவர்களைத்தான் அவன் அதிகம் பார்த்திருக்கிறான். மனைவி இழுத்துக்கொண்டு வருவாள். கணவர், “எனக்கென்ன, நல்லாத்தானே கேக்குது” என்பார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். அவர் சிரித்தால் தானும் சிரிப்பார். அரை நொடி கழித்து.

அதே சிரிப்பு இப்போது காதில் இல்லை, மூக்கில்.

இவருக்கா? அவனால் நம்ப முடியவில்லை. முப்பத்தொரு வருடமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ருசி பார்க்கும் அதிகாரி. ஒரு வாய் உறிஞ்சினால் எந்தச் சரிவில் பறித்த இலை, பறித்த அன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். தோட்டத்தில் இவருக்குப் பெயரே ‘மூக்கு சார்’தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு, பெண் கேட்டு அவன் முதன்முதலாக இந்த வாசலில் வந்து நின்றபோது, கை கொடுத்த கையோடு இவர் கேட்ட முதல் கேள்வி, “சிகரெட்டை எப்ப விடப் போறீங்க?”

அன்றைக்கு அவன் சிகரெட்டைத் தொடவே இல்லை. பிடித்தது முந்தாநாள். அதுவும் ஒன்றே ஒன்று. அன்றோடு விட்டான்.

தொட்டி ஓரத்தில் கிடந்த சோப்புக்கட்டி அவன் கைக்கு வந்தது.

“மாமா, ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்களேன்.”

மாமனார் மூடினார். மாப்பிள்ளை சோப்பை அவர் மூக்கருகே கொண்டுபோனான். நல்ல வாசனைச் சோப்பு. முந்தின நாள் அவன் மனைவி, மாமனாரின் மூத்தவள், பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது.

மாமனாரின் மூக்கு விடைத்தது. நெற்றி சுருங்கியது. மூடிய இமைகளுக்குள் கண் இப்படியும் அப்படியும் ஓடியது. பிறகு எல்லாம் அடங்கியது.

“எதை வச்சிருந்தாலும் எடுத்துடுங்க மாப்பிள்ளை” என்றார் கண்ணைத் திறக்காமலே. “எனக்குத் தெரியாது.”

* * *

இவர்கள் மலையேறி வந்தது இதற்காக இல்லை. ஐந்து நாள் கடையை மூடிவிட்டு, மூன்று வருடமாக மூத்தவள் நச்சரித்த பயணத்தைக் கடைசியில் கிளப்பினான். மேகம் பார்க்கலாம், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுக்கலாம், கூடவே அவள் தங்கை சின்னவளின் கல்யாணத் தேதியையும் பேசி முடித்துவிடலாம். கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு முறை வாந்தி எடுத்து, ஐந்தாவது வளைவில் உயிரையே எடுத்துவிடுமோ என்று பயந்து, நேற்றுச் சாயங்காலம் ஒரு வழியாக வந்து சேர்ந்தார்கள்.

வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தோட்டத்துப் பள்ளியில் அறுபது பிள்ளைகளை மேய்க்கும் டீச்சர் அப்படி அழுது அவர்கள் பார்த்ததில்லை.

அவள் கட்டிக்கொள்ளப் போகும் பையன் இலை லாரி ஓட்டுகிறான். அவன் அம்மா ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வை. இருபத்திரண்டு வருட வேலை. எல்லோருக்கும் ‘பேக்கிங் அக்கா’. அவளைப் போன வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அனுப்பிய ஒரு லாட் தேயிலை முழுவதும் புகை வாடை என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ருசி மேஜையில் மூக்கு சார் ‘சுத்தம்’ என்று எழுதி அனுப்பிய லாட் அது. மூக்கு சார் சுத்தம் என்றால் சுத்தம். அப்படியானால் புகை எங்கே ஏறியது? அவர் மேஜையைத் தாண்டிய பிறகு. பேக்கிங் அறையில். மூட்டைகளை உலைப் பக்கம் அடுக்கியிருப்பாள் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

இன்று பத்து மணிக்குக் கடைசி விசாரணை.

நேற்று இதைக் கேட்டபோது மாப்பிள்ளைக்கு அது சின்னவளின் வருத்தமாக மட்டும் தெரிந்தது. இப்போது கையிலிருந்த சோப்பைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு மாமனார் பக்கம் திரும்பினான்.

“மாமா, அந்த லாட்…”

“அதான் எனக்கும் தெரியலை.” மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தார். “சுத்தம்னு எழுதினேன். சுத்தமா இருந்துச்சா, புகையா இருந்துச்சா, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

“எத்தனை நாளா இப்படி?”

“எட்டு மாசம். ஜலதோஷம்தான். மூணு நாள் காய்ச்சல். காய்ச்சல் போயிடுச்சு. போறப்ப இதையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு.”

“டாக்டர்கிட்ட காட்டலாம்ல?”

“இந்த மலையில டாக்டர் முன்னாடி தும்மினாலே சாயங்காலத்துக்குள்ள கேட் வாட்ச்மேன் சுகம் விசாரிப்பான். மூக்கு சாருக்கு மூக்கு போச்சுன்னா? சிரிக்கவே நாலு நாள் லீவு விடுவாங்க.”

“எட்டு மாசம் எப்படி ஓட்டினீங்க?”

“நிறம் கண்ணுக்குத் தெரியும். துவர்ப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். மீதியை… அனுபவத்துல ஓட்டிட்டேன்.”

மாப்பிள்ளை வேறு தீப்பெட்டி தேடி அலமாரியைத் துழாவினான். பழுப்புக் காகிதத்தில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ருசி பார்க்க வரும் சாம்பிள்கள். மீந்ததை மாமனார் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். எல்லாம் ஒரே மாதிரி மடிப்பு. ஒன்றிரண்டில் மட்டும் மேல் மூலை தனியாக மடங்கியிருந்தது, நாய்க்குட்டிக் காது மாதிரி.

காது என்றால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பார்த்தான்.

“இது என்ன மாமா, காது மடிச்சு விட்டிருக்கு?”

மாமனார் விருட்டென்று எழுந்து பொட்டலத்தை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். “லாட் மாறிடக் கூடாதுன்னு ஒரு அடையாளம். அதை விடுங்க.” பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. “மாப்பிள்ளை, என் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இது தெரியக் கூடாது. காதும் காதும் வச்ச மாதிரி இருக்கணும். சத்தியம் பண்ணுங்க.”

“மாமா, ஒரு பொம்பளையோட வேலை…”

“அவங்களைக் காப்பாத்தத்தான் உங்களைக் கேக்குறேன்! இன்னைக்கு ரெண்டு கோப்பை வைப்பாங்க. திரும்பி வந்தது ஒண்ணு. அன்னைக்கே எடுத்து சீல் வச்ச டப்பாவுல இருந்து ஒண்ணு. சீல் வச்சதுலயும் புகை இருந்தா அவங்க மேல தப்பில்லை. அது எனக்குத் தெரியணும். எனக்கு மூக்கு இல்லை. உங்களுக்கு இருக்கு. ஜன்னல்கிட்ட நில்லுங்க. சீல் வச்ச கோப்பையில புகை வந்தா…” கொஞ்சம் யோசித்தார். “காதைத் தொடுங்க. உங்க தொழில்தானே. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

“நான் டீயே குடிக்கிறதில்லையே மாமா!”

“குடிக்கச் சொல்லலை. மோந்து பாக்கச் சொல்றேன்.”

“நான் தொட்டா, நீங்க அதையே சொல்லிடுவீங்கள்ல?”

“வேற என்னத்தைச் சொல்லப் போறேன்?”

அந்த நேரம் பார்த்துத்தான் மூத்தவள் கொட்டாவி விட்டபடி வந்தாள்.

“என்ன சத்தம்? மாமனாரும் மருமகனும் விடியறதுக்குள்ள கூட்டணியா?”

மாப்பிள்ளை கையை விடுவித்துக்கொண்டான். “ஒண்ணுமில்ல. கேஸ் கொஞ்சம் கசிஞ்சிருக்கு. உங்கப்பாதான் கண்டுபிடிச்சார்.”

வார்த்தை வெளியே போய்விட்டது. வில்லிலிருந்து விட்ட அம்பு. சத்தியம் செய்யாமலே சத்தியத்துக்குள் மாட்டிக்கொண்டான்.

மூத்தவள் முகம் மலர்ந்தது. “பின்ன? எங்கப்பா மூக்கு யாருக்கு வரும்? நீங்கல்லாம் வீடே எரிஞ்சாலும், ‘என்னடி, யாரோ ஏதோ வறுக்குறாங்க’ன்னு படுத்துக் கிடப்பீங்க.”

மாமனார் சிரித்தார். இந்த முறை ஒரு முழு நொடி தாமதம்.

* * *

ஃபேக்டரிக்குப் போகும் பாதை தேயிலைச் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. இடுப்பளவுச் செடிகள், படிய வாரிவிட்ட தலை மாதிரி ஒரே மட்டம். கீழே பள்ளத்தாக்கை மேகம் மூடியிருந்தது. சுற்றுலா வண்டிகள் ஓரம்கட்டி நின்றன. யாரோ யாரையோ, “இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, பின்னாடி போ” என்று சரிவின் விளிம்புக்கே துரத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நில்லுங்க, நாமளும் ஒண்ணு எடுப்போம்” என்றாள் மூத்தவள்.

எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். “ஏங்க இப்படி இஞ்சி தின்ன மாதிரி நிக்கிறீங்க? இவ்வளவு தூரம் வந்து, வாந்தி எடுத்து, ஒரு சிரிப்பு சிரிக்கக் கூடாதா?”

“குளிருது.”

“குளிருக்கு மூஞ்சி ஏன் கோணுது?”

மாமனார் நான்கடி முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எதிரில் கூடையோடு வந்த பெண்கள் ஒதுங்கி நின்று, “வணக்கம் மூக்கு சார்” என்றார்கள். ஒருத்தி கூடையை நீட்டி, “மோந்து பாருங்க சார், இன்னைக்கு இலை எப்படி?” என்றாள். அவர் குனிந்து, ஒரு கொழுந்தைக் கசக்கி, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, “அருமை” என்றார். அவள் பூரித்துப் போனாள்.

மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். இவரைக் கோபிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். அந்த எறும்பை இன்றுதான் நேரில் சந்தித்தான்.

ஃபேக்டரி வாசலில் சின்னவள் நின்றிருந்தாள். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள்.

“அக்கா, நீ உள்ள வராதே. கூட்டம் போட்டா மேனேஜர் கத்துவார்” என்றவள், மாமனார் படியேறும் வரை காத்திருந்து மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்தாள். “அத்தான், அப்பா அத்தையைக் காப்பாத்திடுவார்ல?”

“ம்.”

“அப்பா ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் மறுபேச்சு பேச மாட்டார். அத்தை போன வாரம் பூரா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை அத்தான். ‘உங்கப்பா இருக்கார், பாத்துப்பார்’னு அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க.”

“பாத்துப்பார்” என்றான் மாப்பிள்ளை. தன் குரல் தனக்கே யாரோ பேசியது மாதிரி கேட்டது.

* * *

ருசி அறை நீளமாக, வெள்ளையாக, ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். அதன் கீழே நீள மேஜை. மேஜை மேல் இரண்டு மூடி போட்ட வெள்ளைக் கோப்பைகள், இரண்டு கிண்ணங்கள், ஒரு கரண்டி. தரையில் துப்புவதற்கு உயரமான பித்தளைப் பாத்திரம்.

சுவரில் மாமனார் கையெழுத்தில் ஒரு பலகை: ‘செண்ட், வெங்காயம், சிகரெட், கவலை இவற்றோடு உள்ளே வராதீர்கள்.’

மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கதவருகிலேயே நின்றார். புதிதாக வந்தவர். எந்திரம் தெரிந்தவர், இலை தெரியாதவர். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவர். அவர் விரல், சட்டை, மீசை எல்லாமே புகை.

“நானே மோந்து பாத்துடலாம்னா, எனக்கு என் மீசையைத் தாண்டி எதுவும் தெரியாது” என்றார். “அதனாலதான் சாரை நம்பியிருக்கேன். இவர் யாரு?”

“என் மூத்த மாப்பிள்ளை. ஃபேக்டரி பாக்கணும்னார்.”

“பாக்கட்டும். மேஜையைத் தொடாம பாக்கட்டும்.”

மறு மூலையில் பேக்கிங் அக்கா நின்றாள். ஒல்லியான, நெடிய உருவம். கைகளை முன்னால் கோத்திருந்தாள். காகிதம் மடித்து மடித்து விரல் நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. மாமனார் உள்ளே வந்ததும், “வணக்கம் சார்” என்றாள். வீட்டுக்கு வந்தால் ‘அண்ணே’. இங்கே ‘சார்’. மாமனார் தலையை மட்டும் அசைத்தார்.

“எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது” என்றார் மேனேஜர். “இடது கோப்பை, திரும்பி வந்த சரக்கு. வலது கோப்பை, சீல் வச்ச டப்பாவுல இருந்தது. என் முன்னாடிதான் சீலை உடைச்சாங்க. ரெண்டுலயும் புகை இருந்தா, தப்பு இலை காய வைக்கிற டிரையர்லயும், அதைப் பாஸ் பண்ண இந்த மேஜையிலயும். இடதுல மட்டும் இருந்தா, தப்பு பேக்கிங்ல. அவ்வளவுதான் கணக்கு. ஆரம்பிங்க சார்.”

கொதிநீர் ஊற்றினார்கள். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்கள். ஆறு நிமிடக் கணக்கு. பக்கத்து அறையில் சல்லடை எந்திரம் மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சந்துபொந்து வழியாகத் தேயிலைத் தூசி வந்து வெயிலில் மிதந்தது.

மணல் தீர்ந்தது. மாமனார் இடது கோப்பையைக் கவிழ்த்துக் கிண்ணத்தில் வடித்தார். மூடியைத் திறந்து, அதில் படிந்த ஈர இலையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு கரண்டி மொண்டு, ‘சர்ர்ர்’ரென்று துணி கிழிவது மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, குறி தப்பாமல் பித்தளைப் பாத்திரத்தில் துப்பினார். முப்பத்தொரு வருடப் பழக்கம். ஒரு அசைவில் பிசகில்லை.

இடதைக் கேட்கவே வேண்டாம். ஜன்னலோரம் நின்ற மாப்பிள்ளைக்கே குப்பென்று வந்தது.

“இதுல புகை இருக்கு” என்றார் மாமனார்.

“அது ஊருக்கே தெரியும். அடுத்தது.”

வலது கோப்பை. வடித்தார். மூடியைத் திறந்தார். இலையை மோந்து பார்க்கும் சாக்கில் ஜன்னல் பக்கமாக ஒரு எட்டு வைத்து, மூடியை வெளிச்சத்தில் காட்டுவதுபோல நீட்டினார். மாப்பிள்ளையின் முகத்துக்கு அரை முழம் தூரம்.

மாப்பிள்ளை மூச்சை இழுத்தான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெந்த இலை. ஈரம். அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பின்னால், அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது அது. சின்ன வயதில் விறகடுப்பில் பால் காயும்போது காற்று திசை மாறினால் பாலில் ஏறும் வாடை. ‘புகையடிச்சுப் போச்சு, குடிக்காதே’ என்று அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதே வாடை. மெலிசாக. ஆனால் சந்தேகமே இல்லை.

காதைத் தொட்டான்.

மாமனார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லையோ என்ற பயத்தில் இன்னொருமுறை தொட்டான். அப்புறம் இழுத்தே விட்டான். அவர் பார்த்தார். பார்த்ததற்கு அடையாளமாகக் கண் ஒருமுறை மூடித் திறந்தது. மூலையில் நின்ற பேக்கிங் அக்காவின் பார்வையும் ஒரு கணம் அவன் காதில் வந்து நின்றுவிட்டுப் போனது.

மாமனார் மேஜைக்குத் திரும்பினார். கரண்டியில் மொண்டார். உறிஞ்சினார். சுழற்றினார். துப்பினார். கரண்டியைக் கழுவிக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார்.

“சொல்லுங்க சார்” என்றார் மேனேஜர்.

பக்கத்து அறையில் சல்லடை நின்றது. அதற்குத்தான் காத்திருந்ததுபோல மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

“இது சுத்தம்.”

மாப்பிள்ளைக்குக் காது அடைத்துக்கொண்டது. தினம் நாலு பேருக்குக் காதைத் திறந்து விடுகிறவன், தான் கேட்டது சரியா என்று தெரியாமல் நின்றான். மாமனார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

“புகை துளிகூட இல்லையா?” என்றார் மேனேஜர்.

“இல்லை.”

பேசு, பேசு என்று உள்ளே ஒன்று மாப்பிள்ளையை உதைத்தது. பேசினால்? ‘இவருக்கு மூக்கே இல்லை சார்’ என்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும் இரண்டு பெண்களின் அப்பாவை, இந்த அறையில், அவர் எழுதிய பலகைக்குக் கீழே. சொன்னாலும் யார் நம்புவார்கள்? டீயே குடிக்காத காதுக்கடைக்காரனின் மூக்கையா, முப்பத்தொரு வருட மூக்கையா?

வாயைத் திறந்துவிட்டான். “சார், நான்…”

“சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சொன்னது பேக்கிங் அக்கா. அவள் மேனேஜரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் கோத்திருந்த விரல்களில் ஒன்று மாப்பிள்ளை பக்கமாக எழுந்து, வேண்டாம் என்பதுபோல ஒருமுறை ஆடியது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “அப்ப பேச ஒண்ணுமில்லை. இருபத்திரண்டு வருஷம்னாங்க, எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. சாமானை எடுத்துக்கிட்டு, சாவியைக் கொடுத்துடும்மா.” சொல்லிக்கொண்டே சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடியபடி வெளியே போனார்.

* * *

பேக்கிங் அறையின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டிதான் அக்காவின் அலுவலகம். அதிலிருந்து ஒரு சீப்பு, ஒரு குடை, மூடி இல்லாத ஒரு டப்பா, பழைய கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எந்திரங்களுக்கு முன்னால் நின்ற பெண்கள் அவளைப் பார்க்காமல் வேலை செய்வதுபோல வேலை செய்தார்கள்.

மாமனார் ருசி அறையிலிருந்து வெளியே வரவில்லை. வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது? மாப்பிள்ளைக்குக் கால் போகவில்லை. போனது இந்தப் பக்கம்.

“அக்கா.”

“வாங்க தம்பி. ஃபேக்டரி பாக்க வந்தீங்களாமே. பாத்துட்டீங்களா?”

அந்தக் கேலி அவனைச் சுருக்கென்று தைத்தது.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குத் தலையே வெடிச்சிடும். அந்த ரெண்டாவது கோப்பையில புகை இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்? நீங்க மூலையிலதானே நின்னீங்க. கோப்பைப் பக்கமே வரலையே!”

“நீங்கதான் காதைத் தொட்டீங்களே தம்பி. தொட்டீங்களா, பிய்ச்சு எடுத்தீங்களான்னே தெரியலை.” சிரித்தாள். சிரிப்பு சட்டென்று அறுந்தது. “அடையாளம் வச்சுக்கிறதுல உங்க மாமனார் கெட்டிக்காரர். ஆனா நேர்ல கண்ணுக்குக் கண்ணு பாத்துச் சொன்னா அவருக்குத் தாங்காது. காகிதம்தான் சரிப்படும்.”

“புரியலை அக்கா.”

மேஜை மேல் கிடந்த பழுப்புக் காகிதத்தில் ஒன்றை உருவினாள். ஒரு சிட்டிகைத் தேயிலையை நடுவில் வைத்தாள். பார்க்கும் முன்பே அவள் விரல்கள் நான்கு மடிப்பு மடித்துவிட்டன. கச்சிதமான பொட்டலம். மாமனார் வீட்டு அலமாரியில் டப்பா நிறையக் கிடப்பது மாதிரி. அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“சார் மேஜைக்குப் போற சாம்பிளை மடிக்கிறது நான்தான். இது நல்ல இலை” என்றாள்.

பிறகு வழவழத்த விரல் நுனியால் அதன் மேல் மூலையை மட்டும் தனியாக மடித்து விட்டாள். நாய்க்குட்டிக் காது மாதிரி.

“இது கெட்ட இலை.”

மாப்பிள்ளை பொட்டலத்தையே பார்த்தான். காலையில் மாமனார் விருட்டென்று பிடுங்கிய வேகம் ஞாபகம் வந்தது. மடித்த காது. லாட் மாறிடக் கூடாதுன்னு ஒரு அடையாளம்.

“அக்கா… அப்படின்னா மாமாவுக்கு…”

பேக்கிங் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குடையை எடுத்தாள். சாவியைக் கொக்கியில் தொங்கவிட்டாள். கதவு வரை போனவள் திரும்பி, எந்திரத்துப் பெண்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“எட்டு மாசமா உங்க மாமனாருக்கு மூக்கு நான்தான் தம்பி. கல்யாணத்துக்குத் துணி எடுக்க மலையிறங்கின ஒரு வாரம்தான் லீவு போட்டேன். அந்த லாட் அவர் மேஜைக்கு வந்தது அந்த வாரம்தான்.”